பொன்முகலியில் போகும் தண்ணீர்

கண்ணப்ப நாயனார் வாயில் நீர் முகந்து காளத்திநாதருக்கு அபிஷேகம் செய்தாரே, அந்த ஆறு பொன்முகலி. இன்றைக்குச் சுவர்ணமுகி. சந்திரகிரிப் பக்கத்து மலைகளில் பிறந்து, திருப்பதியை ஒட்டிக் காளத்திக்கு ஓடுகிறது; அதுவும் மழைக்காலத்தில் மட்டும்! மற்ற நாளில் மணல்தான். வற்றாத ஆற்றில் சாக்கடை கலந்தால் கொஞ்சமாவது நீர்த்துப் போகும். இங்கே கலக்கத் தண்ணீர் ஏது? ஊர் விடுகிற சாக்கடைதான் ஆறு.

திருப்பதிக் கழிவுநீருக்குத் தூக்கிவாக்கத்தில் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. இப்படிப்பட்ட நிலையங்களில் வேலைக்காரர்கள் பாக்டீரியாக்கள். காற்றை ஊதிவிட்டால், கரைந்த அழுக்கைத் தின்று பெருகி, சேறாக அடியில் தங்கும். சம்பளம் கேட்காது; ஆனால் கரண்ட் போனால் மூச்சுத் திணறும். மிச்ச பெயிண்ட், ஆசிட் விழுந்தால் செத்தே போகும். அவற்றைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள்.