பழைய அம்பாசிடரும் நம் கைகளும்



கொல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில் 2014 மே மாதத்தோடு அம்பாசிடர் உற்பத்தி நின்றுவிட்டது. ஆயினும் நம் காலனியில் அவ்வண்டியைக் கைவிடாது காத்துவரும் குடும்பங்கள் சில உள. அவர்கள் பொருட்டே இச்சிறு உரை.

பழைய பெட்ரோல் வண்டி காலையில் கிளம்ப மறுத்தால், உடனே மெக்கானிக்கைத் தேடி ஓட வேண்டுவதில்லை. சாவியை அணைத்து, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றுங்கள். பாயிண்டுகள் கருகியிருப்பின் மெல்லிய அரத்தால் தேய்த்து, அவை முழுதும் விரிந்து நிற்கையில் இடைவெளி அங்குலத்தின் ஆயிரத்தில் 15 பங்கு இருக்குமாறு திருத்துக. பிளக்குக்கு 25 பங்கு. பேனா பிடிக்கும் குமாஸ்தாவாகிய நானே இதைச் செய்துவருகிறேன்.

பிரேக் அவ்வாறன்று. அதிலுள்ள எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்பினது. ஈரம் மிகுந்தால் கொதிநிலை தாழும். நெடிய இறக்கத்தில் பிரேக் சூடேறுங்கால் எண்ணெய் கொதித்துக் குழாயினுள் ஆவி தோன்றும். மிதித்த கால் அடிவரை செல்லும், வண்டியோ நில்லாது. ஆகவே இரண்டாண்டுக்கு ஒருமுறை புது எண்ணெய் மாற்றுவியுங்கள். மிதி தளர்ந்தாலும், சக்கரத்தின் உட்புறம் கசிவு கண்டாலும், அன்று வண்டியை எடுத்தலே கூடாது. தேர்ந்த மெக்கானிக்கே அதனைத் தொடவேண்டும்.

ஜாக்கை மட்டும் நம்பி வண்டியின் அடியில் படுக்கும் இளைஞர்களைக் காணும்போது நெஞ்சு பதைக்கிறது. செங்கல்லும் உதவாது, பாரத்தில் நொறுங்கும். நம் சங்கம் இரும்புத் தாங்கிகள் இரண்டு வாங்கி வைக்குமாயின், வண்டி வைத்திருப்போர் அனைவரும் முறைவைத்து எடுத்துப் பயன்படுத்தலாம்.