வெள்ளமும் வீட்டுப் பிராணிகளும்



ஆண்டு விழா மேடையில் நாயையும் பூனையையும் பற்றிப் பேசுவதா என்று சிலர் எண்ணக்கூடும். 2023ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் காலையில் ஆமயிழஞ்சான் ஓடைக்கரையிலும் தெற்றியாற்றங்கரையிலும் வாழ்வோர் பட்ட பாட்டைக் கண்டவர் அவ்வாறு எண்ணார். இரவு பெய்த மழை, விடியுமுன் வீட்டுக்குள் புகுந்துவிட்டது. கரமனையிலும் கிள்ளியாற்றங்கரையிலும் குடியிருக்கும் நம்மவர்க்கோ, அருவிக்கரை அணையின் மதகு திறக்கப்படுகிறது என்னும் செய்தி புதிதன்று.

குழந்தையைத் தூக்குகிறோம், நகைப்பெட்டியை எடுக்கிறோம், முதியோரைக் கைப்பிடித்து இறக்குகிறோம். கொல்லையில் சங்கிலியில் கட்டிய நாய் அப்படியே நிற்கிறது. நாய் நீந்தவல்லது, சங்கிலி நீந்தவிடாது. அழைத்துச் செல்ல இயலாத நிலை நேர்ந்தால், அவிழ்த்துவிட்டாவது செல்லுதல் வேண்டும். தொழுவத்துப் பசுவுக்கும் இதுவே முறை. 2018 ஆகஸ்டுப் பெருவெள்ளத்தில் கேரளமெங்கும் கட்டிய கயிற்றோடு மாண்ட உயிர்கள் பல.

அதே வெள்ளத்தில் திருச்சூரில் ஓர் அம்மையார், தாம் வளர்த்த 25 நாய்களை விட்டுப் படகேற மறுத்துவிட்டார். பிராணி நலத் தொண்டர் வந்து நாய்களையும் மீட்ட பிறகே வெளியேறினார். பிடிவாதம் என்று நாம் நகைக்கலாம். ஆனால், பிராணிக்கு வழி செய்யாவிட்டால் மனிதரும் வெளியேறார் என்பதை அமெரிக்க நாடு 2005இல் கத்ரீனாப் புயலின்போது கண்டது. மறு ஆண்டே, பேரிடர்த் திட்டங்களில் வீட்டுப் பிராணிகளையும் சேர்க்க வேண்டுமெனச் சட்டம் இயற்றியது.

இனி, நாம் செய்யத்தக்கவை. பூனைக்கு மூடியுள்ள கூடை ஒன்று வேண்டும். ஆபத்து வந்த பிறகு அதைத் திறந்தால் பூனை பரண்மேல் ஏறிவிடும். பின் யார் பிடிப்பது? ஆகவே கூடையை இன்றே கூடத்தில் திறந்து வைத்து, உள்ளே பழந்துணி விரித்து, நாள்தோறும் அதிலேயே மீனோ பாலன்னமோ வைத்துப் பழக்குக. சில வாரங்களில் தானே உள்ளே சென்று உறங்கும். நாய்க்குக் கழுத்துப்பட்டையும், அதில் நம் தொலைபேசி எண்ணும் இருக்கட்டும். அச்சமுற்ற நாய் வளர்த்தவரையும் கடிக்கும். ஆதலால் வெறிநோய்த் தடுப்பூசி தவணை தவறலாகாது. எலிக்காய்ச்சல் வெள்ள நீரால் நாய்க்கும் பரவும். அதற்கும் ஊசி உண்டு. ஊசிச் சீட்டு, மூன்று நாளைக்கு உணவு, குடிநீர், மருந்து யாவும் ஒரே பையில் இருத்தல் நலம். (கிளி வளர்ப்போர் உளரோ? நாட்டுக் கிளியைக் கூண்டில் அடைப்பதை வனவிலங்குச் சட்டமே தடுக்கிறது. அதற்குப் பை வேண்டுவதில்லை!)

எங்கே செல்வது என்பதுதான் பெரிய வினா. நிவாரண முகாமில் மக்களுக்கே இடம் நெருக்கடி; நாயைச் சேர்ப்பார்கள் என்று நம்பிப் புறப்படலாகாது. நம் நகரமோ மேடும் பள்ளமுமானது. கௌடியார் போன்ற மேட்டுப் பகுதிகளிலும் நம் குடும்பங்கள் உள்ளன. பள்ளத்தில் வாழும் ஒவ்வொரு வீட்டாரும் மேட்டில் ஒரு வீட்டாரோடு இப்போதே பேசிவைத்தால், நள்ளிரவில் கதவைத் தட்டக் கூச்சமிராது. நாய் ஒருமுறை அங்கே போய் வந்திருந்தால் அதற்கும் மிரட்சி குறையும்.

வீட்டில் இடம் தர இயன்றோரும், இடம் வேண்டுவோரும், விழா முடிந்ததும் சங்கச் செயலாளரிடம் பெயரும் முகவரியும் எழுதித் தருக. இடவப்பாதி மழைக்கு முன் அப்பட்டியல் வீடுதோறும் வந்து சேர வேண்டும்.