அமைதியைக் காப்பவர்கள்



நகர வாழ்வில் களைத்தவர் இரண்டு மூன்று நாள் எங்கேனும் சென்று தங்கிவர விரும்புவது இயல்பு. கவிஞர்க்கோ அது தேவையும் ஆகும். அவர் தேடுவது ஓய்வா, அமைதியா என்பதே ஈண்டு எழும் வினா. இவ்விரு சொற்களும் ஒன்றல்ல. ஓய்தல் என்பது செயல் நின்றுவிடுதல். அமைதல் என்பது பொருந்துதல், அடங்குதல், நிறைதல். ஓய்வை வீட்டுக் கதவை அடைத்துக்கொண்டும் பெறலாம். அமைதியோ இடத்தோடு பொருந்தியவர்க்கே வாய்க்கும். இதனை மூன்று ஊர்கள் தெளிவுறுத்துகின்றன.

முதலாவது தரங்கம்பாடி. தரங்கம் என்றால் அலை. தஞ்சை இரகுநாத நாயக்கரின் இசைவு பெற்று 1620-இல் டேனியர் இங்குக் கோட்டை எழுப்பினர். 1706-இல் வந்த சீகன்பால்குவின் முயற்சியால் 1715-இல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி முடிந்தது. 1845-இல் ஊர் ஆங்கிலேயர்க்கு விற்கப்பட்டது. வணிகம் வேறு துறைகளுக்குப் பெயர்ந்தது. ஆரவாரம் அடங்கிய தெருக்களே இன்று அங்குச் செல்வோர்க்கு இன்பம் தருகின்றன. ஆயினும் மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கொண்டுபோனதும் அக்கடலே. 2004 திசம்பர் 26 அன்று மீனவர் குடும்பங்களைச் சூறையாடியதும் அக்கடலே. விருந்தினர் செவிக்கு இசையாகும் அலை, கரையில் வாழ்வோர் செவிக்கு வேறொன்றையும் சொல்லும். அதனையும் கேட்கத் தெரிந்தவரே அவ்வூரோடு அமைந்தவர்.

இரண்டாவது கோடைக்கானல். தரங்கம்பாடி கைமாறிய அதே 1845-ஆம் ஆண்டில், சமவெளியின் வெம்மைக்கும் நோய்க்கும் அஞ்சிய அமெரிக்க மறைப்பணியாளர்கள் இம்மலைமீது இல்லங்கள் அமைத்தனர். சிலர் இளைப்பாற எழுந்த ஊருக்குப் பின்னர்ப் பல்லாயிரவர் திரண்டனர். சென்னை உயர்நீதிமன்ற ஆணையின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கோடைக்கானலுக்கும் செல்லும் ஊர்திகளுக்கு இணையவழி அனுமதிச் சீட்டு வேண்டும் என்றாயிற்று. 2025 கோடையில் ஊர்திகளின் எண்ணிக்கைக்கே வரம்பு வகுக்கப்பட்டது. அமைதியைத் தேடிச் சென்றவர்களே அமைதியை உண்டு தீர்த்த கதை இது.

மூன்றாவது வேடந்தாங்கல். செங்கற்பட்டு மாவட்டத்தில் ஏறத்தாழ 30 எக்டேர் பரப்புள்ள சிற்றேரி. ஊர்ப்பெயரிலேயே வேடர் இருக்கின்றனர். ஆனால் வேட்டையைத் தடுத்தவர் அவ்வூரார். ஆங்கிலேயப் படையினர் பறவைகளைச் சுட்டபோது அவர்கள் ஆட்சியரிடம் முறையிட்டனர். பறவைகளைக் காக்கும் உரிமையை 1798-இல் ஆட்சியர் லயனல் பிளேஸ் எழுத்தில் வழங்கினார். 1858-இல் அது புதுப்பிக்கப்பட்டது. உழவர் இதனை அருளால் மட்டும் செய்தாரல்லர். பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாகும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். அருளும் பயனும் அங்கே ஒன்றாயின. கார் கழிந்தபின் நீரில் நிற்கும் மரங்களில் நத்தைகுத்தி நாரையும் கூழைக்கடாவும் நீர்க்காகமும் கூடு கட்டுகின்றன. 2022-இல் இவ்வேரி ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுக்குடிப்பட்டி மக்களோ, வேட்டங்குடிச் சரணாலயத்துப் பறவைகள் அஞ்சாதிருக்கத் தீபாவளியன்றும் வெடி வெடிப்பதில்லை. தம் குழந்தைகளின் ஒருநாள் மகிழ்ச்சியைப் பறவைக் குஞ்சுகளுக்காக விட்டுக்கொடுக்கும் பெற்றோர் வாழும் ஊர் அது.

இம்மூன்று ஊர்களும் உணர்த்துவது ஒன்றே. அமைதி தானே கிடப்பதன்று. யாரோ சிலர் விலை கொடுத்துக் காப்பது. அதனை நாடிச் செல்பவர் உரிமையாளர் அல்லர், விருந்தினர். விருந்தினர்க்கு உரிய ஒழுக்கம் சில உண்டு. கூட்டம் மிகும் நாள்களைத் தவிர்த்தல், ஒலிபெருக்கியை வீட்டிலேயே விட்டுச் செல்லுதல், உண்ட குப்பையைத் திரும்ப எடுத்துவருதல், ஊராரிடம் ஊரைப் பற்றிக் கேட்டல் ஆகியவை அவை. வரம்பு மீறிய ஆரவாரத்தால் ஒரு பருவம் கூடு கலைந்தால், அந்த இழப்பை எந்த நீதிமன்ற ஆணையும் ஈடுசெய்யாது.

மலையையும் கடலையும் பாடிய கவிஞர் பலர். அவற்றின் அமைதியைக் காத்துநிற்கும் எளியவரைப் பாடியவர் சிலரே. இவ்விலக்கிய வட்டத்துக் கவிஞர்கள் இனி மேற்கொள்ளும் பயணங்களிலிருந்து அத்தகைய பாடல்களும் பிறத்தல் வேண்டும். அதுவே அவர்கள் அவ்வூர்களுக்குச் செலுத்தும் நன்றிக்கடன்.