நம் பள்ளத்தாக்கை வலம் வருவோம்

(இந்து வாலிபர் சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மாம்பழத்துக்காக உலகைச் சுற்றிய கதையை நீங்கள் அறிவீர்கள். முருகன் மயிலேறிப் பறந்தான். பிள்ளையாரோ அம்மையப்பரை வலம் வந்து, உலகம் இங்கேயே இருக்கிறது என்றார். இளைஞர்கள் முருகன் பக்கம். ஊரை விட்டுப் புறப்படத் துடிக்கிறார்கள். பெரியவர்கள் பிள்ளையார் பக்கம். வீட்டோடு இருங்கள் என்கிறார்கள். இந்த வழக்கை நான் தீர்த்து வைக்கப் போவதில்லை. இருவரும் சேர்ந்து செய்யத்தக்க ஒரு காரியத்தைச் சொல்லவே வந்தேன். அதற்கு மயில் வேண்டாம். ஒரு சைக்கிள் போதும்.

தோட்டத்து வழக்கில் சக்கரத்தை ரோதை என்கிறோம். தொழிற்சாலைச் சக்கரத்துக்குக் காவலாக ரோதைமுனியையும் கவ்வாத்துக் காலத்துக்குக் கவ்வாத்துசாமியையும் வணங்கியவர்கள் நம் முன்னோர். சக்கரம் நமக்குப் புதிதன்று. இன்று எல்லோரும் ஓட்டும் சைக்கிளின் அமைப்பை இங்கிலாந்தில் ஸ்டார்லி என்பவர் 1885ஆம் ஆண்டில் உருவாக்கினார். அதே 1885இல்தான் புகையிரதப் பாதை நானுஓயாவை எட்டியது. அதற்கு முந்திய ஆண்டு அது ஹட்டனுக்கு வந்திருந்தது. காற்றடைத்த டயரை டன்லப் 1888இல் ஆக்கினார்.

சைக்கிள் மலைநாட்டுக்கு ஏற்றதா என்று கேட்பீர்கள். தலவாக்கலை நிலையம் ஏறக்குறைய 3,900 அடி உயரத்தில் இருக்கிறது. நானுஓயா 5,291 அடி. இடையில் உள்ள ஏற்றம் விளையாட்டன்று. ஆயினும் நம் தோட்டத்துப் பழைய வீதிகள் மாட்டு வண்டிக்காக வெட்டப்பட்டவை. மாடு செங்குத்தாக ஏறாது. ஆதலால் மலையைச் சுற்றிச் சுற்றி, மெல்ல மெல்ல உயரும்படி பாதை போட்டார்கள். மாட்டுக்கு இசைந்த ஏற்றம் சைக்கிள்காரனுக்கும் இசையும். இயலாத இடத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போவதில் வெட்கம் ஒன்றுமில்லை. அந்தப் பாதையை அலவாங்கும் மண்வெட்டியும் கொண்டு வெட்டியவர்கள் யார்? கோப்பிக் காலத்தில் கடல் கடந்து, காடு கடந்து, கால்நடையாக வந்த நம் பாட்டனும் பூட்டனும் அல்லவா? 1869இல் இலைநோய் தோன்றிக் கோப்பி அழிந்தது, தேயிலை வந்தது. பயிர் மாறியதே தவிர, பாதை வெட்டிய கை மாறவில்லை.

இனி, வாகன நெரிசலை விட்டு விலகிச் செல்லக்கூடிய மூன்று வழிகளைச் சொல்கிறேன்.

முதல் வழி திம்புள்ளப் பக்கம் போவது. தலவாக்கலையிலிருந்து ஹட்டன் நோக்கிப் பெருவீதியில் சிறிது தூரம் செல்லவேண்டும். இந்தப் பகுதியில் பஸ்ஸும் லொறியும் மிகுதி. அதிகாலையில் கடந்துவிடுவது நல்லது. வழியில் சென்கிளயர் அருவியும், 97 மீட்டர் உயரமுள்ள டெவன் அருவியும் தெரியும். மேல் கொத்மலை அணை 2012இல் இயங்கத் தொடங்கியபின், ஆற்றுநீர் ஏறக்குறைய 13 கிலோமீட்டர் சுரங்கத்தின் வழியே சென்று 150 மெகாவாட் மின்சாரம் தருகிறது. சென்கிளயருக்குப் பகற்பொழுதில் மட்டும் அளந்து நீர் விடுகிறார்கள். அணைக்காக நூற்றுக்கணக்கான குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. தலவாக்கலை நீர்த்தேக்கத்தின் ஓரத்தில் நின்று இந்தக் கணக்கை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். பத்தனைச் சந்தியில் பெருவீதியை விட்டு இறங்கினால் கெலிவத்தை, போகாவத்தை வழியாகத் திம்புள்ளப் பக்கம் போகலாம். இறக்கம் சுகமாகத்தான் இருக்கும். திரும்பி ஏறவேண்டும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இறங்குங்கள்!

இரண்டாவது வழி ஆக்ரா ஓயாவின் வழி. லிந்துலையில் நுவரெலியா வீதியை விட்டுப் பிரிந்து, அக்கரப்பத்தனை கடந்து, டயகமவுக்குச் செல்வது. அதற்கும் அப்பால் ஹோட்டன் சமவெளி. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் தலைநீர் அங்கேதான். 1988இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட இடமாகையால், உரிய அனுமதியின்றி அதனுள் நுழையலாகாது. டயகமவோடு திரும்பிவிடலாம். ஆற்றை எதிர்த்து ஏறிப்போய், ஆற்றோடு இறங்கி வரும் பயணம் இது. போகும்போது களைப்பு, வரும்போது களிப்பு.

மூன்றாவது வழி தலவாக்கலையிலிருந்து வட்டகொடை, மடக்கும்புர வழியாகப் பூண்டுலோயாவுக்கு. கிரேட் வெஸ்டன் மலையின் முழு உருவத்தையும் கண்ணாரக் காணலாம். மடக்கும்புரவில் சற்று இறங்கி நில்லுங்கள். 1914இல் அங்கே பிறந்தவர் சி. வி. வேலுப்பிள்ளை. கவிஞராகவும் தொழிற்சங்கவாதியாகவும் விளங்கியவர். 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரானவர். தோட்டத்து மக்கள் வாய்மொழியாகப் பாடிவந்த பாடல்களைத் தேடித் தொகுத்து அச்சேற்றியவரும் அவரே. அவர் தொகுத்திராவிட்டால் அவற்றுள் எத்தனையோ பாடல்கள் பாட்டிமாரோடு போயிருக்கும்.

இங்கேதான் என் பேச்சின் உட்பொருள் இருக்கிறது. தோட்டங்களின் பெயர்களைப் பாருங்கள்: ஹொலிரூட், லோகி, பேர்வெல். ஹொலிரூட் என்பது ஸ்கொத்லாந்தில் ஓர் அரண்மனையின் பெயர். தோட்டக் கணக்கேடுகளில் மலைகளுக்கு இலக்கம் இருக்கிறது. ஆனால் நம் மக்கள் ஒவ்வொரு மலைக்கும், ஓடைக்கும், வளைவுக்கும் தமிழில் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். முனியாண்டி கல் ஏன் அந்த வளைவில் நிற்கிறது, எந்தக் கங்காணியின் பெயரால் அந்தக் கணக்கு அழைக்கப்படுகிறது என்பனவெல்லாம் பெரியவர்களின் நாவில் மட்டுமே உள்ளன.

1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நம்மவருள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இலட்சக்கணக்கானோர் இந்தியாவுக்குக் கப்பலேறினர். அவர்களோடு எத்தனை பெயர்கள் கப்பலேறினவோ! எஞ்சியிருந்தோரின் குடியுரிமைக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது. சட்டம் நம்மை நாட்டோடு சேர்த்துவிட்டது. இனி நாட்டை நம் அறிவோடு சேர்த்துக்கொள்வது நம் வேலை. இன்று நம் பிள்ளைகள் பலர் கொழும்புக் கடைகளுக்கு வேலைக்குப் போகிறார்கள். மலைநாட்டை ஊடறுத்துச் செல்லும் பெக்கோ டிரெயில் என்னும் நடைபாதை 300 கிலோமீட்டருக்கு மேல் நீள்கிறது. 22 பகுதிகளாக வகுக்கப்பட்டது. வட்டகொடையும் கொட்டகலையும் அதன் வழியில் உள்ளன. வெளிநாட்டார் வந்து நடக்கிறார்கள், வரட்டும், நல்லதே. ஆனால் 'இந்த மலைக்கு என்ன பெயர்?' என்று அவர்களில் ஒருவர் கேட்டால், இங்கே பிறந்தவன் இலக்கத்தைச் சொல்லித் தலைகுனியலாமா?

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நமது சங்க உறுப்பினர் நாலைந்து பேராகச் சேர்ந்து ஒரு வழியில் செல்லுங்கள். சட்டைப்பையில் ஒரு கொப்பி இருக்கட்டும். வழியிலுள்ள ஒவ்வொரு லயத்திலும் ஒரு பெரியவரிடம், "தாத்தா, இந்த மலைக்கு நம்ம ஆட்கள் என்ன பேர் சொல்வாங்க?" என்று கேட்டு எழுதுங்கள். அடுத்த ஆண்டு மலரில் அந்தப் பட்டியல் அச்சாகட்டும். பெரியவர்களுக்குப் பெயர் தெரியும். மலையேறக் கால் இல்லை. உங்களுக்குக் கால் இருக்கிறது, பெயர் தெரியாது. இரண்டும் சேர்ந்தால்தான் வலம் முழுமையாகும். தங்கைமாரையும் அழைத்துச் செல்லுங்கள். நாள்தோறும் கூடை சுமந்து அந்த மலைகளில் ஏறி இறங்குபவர்கள் நம் தாய்மார்கள்தாமே! மலையின் பெயர்களை அவர்களிடமே பெண்பிள்ளைகள் எளிதில் கேட்டறிவார்கள்.

பெற்றோருக்கு அச்சம் இருக்கும், அது நியாயமே. ஆதலால் சில ஒழுங்குகள் சொல்கிறேன். புறப்படுமுன் இரண்டு பிரேக்கையும் சோதித்துக்கொள்ள வேண்டும். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை ஒரேயடியாகப் பிடித்துக்கொண்டே போனால் சூடேறும். விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும். முன் பிரேக்கை மட்டும் திடீரென அழுத்தினால் தலைகுப்புற விழுவீர்கள். வளைவுதோறும் மணி அடியுங்கள். எதிரே கொழுந்து லொறி வரலாம். பனியிலும் பாசியிலும் டயர் வழுக்கும். ஜனவரி முதல் மார்ச் வரை வறண்ட குளிர்காலம். திம்புள்ளத் தேயிலைக்குப் பேர்போன பருவமும் அதுவே. பயணத்துக்கும் அதுவே ஏற்றது. மே மாதக் கடைசியில் தென்மேல் பருவமழை தொடங்கிவிடும். பிற்பகலில் மூடுபனி இறங்குமுன் வீடு திரும்புங்கள். தோட்டத்துள் நுழையுமுன் நிர்வாகத்துக்கு ஒரு சொல் சொல்லிவிடுங்கள். கோயில் வாசலில் சைக்கிளை நிறுத்தி, கும்பிட்டுவிட்டுப் போங்கள்.

செலவைப் பற்றியும் கவலை வேண்டாம். 2022இல் பெற்றோல் இல்லாமல் நாடே வரிசையில் நின்றபோது, பழைய சைக்கிளைத் தூசி தட்டி எடுத்தவர்கள் பலர். ஆளுக்கொரு புதுச் சைக்கிள் தேவையில்லை. சங்கத்துக்கென இரண்டு மூன்று வண்டிகள் இருந்தால் மாறி மாறி ஓட்டலாம். இதனைச் செயற்குழு கவனிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

பிள்ளையார் அம்மையப்பரை வலம் வந்தார். நம்மைப் பெற்று வளர்த்தது இந்தப் பள்ளத்தாக்கு. இதை வலம் வருபவன் முருகனைப்போல் பயணமும் செய்தவனாவான்; பிள்ளையாரைப்போல் பெற்றோரையும் வணங்கியவனாவான். அடுத்த ஆண்டு விழாவில் இந்த மேடையிலிருந்து ஓர் இளைஞர் நூறு மலைகளின் பெயர்களை வாசிக்க, முன்வரிசையில் இருக்கும் பெரியவர்கள் "ஆமாம், சரிதான்" என்று தலையசைக்க வேண்டும். அந்த நாளைக் காண இறைவன் அருள்வானாக.