மருந்தின் பெயரும் மருந்தின் வேலையும்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆடலும் பாடலும் காண வந்திருக்கும் உங்கள் முன் நோயைப் பற்றிப் பேசுவது முறையாகுமா என்று முதலில் தயங்கினேன். ஆயினும், கிடர்பூரில் முப்பது ஆண்டுகள் மருந்துக் கடையில் நின்றவன் வேறு எதைப் பேச இயலும்? அன்றியும், நான் செய்த பிழை ஒன்றை நம்மவர் முன் சொல்லிவிட வேண்டுமென்ற எண்ணமும் நெடுநாளாக உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன்னர், நம் குடும்பங்களுள் ஒன்றைச் சேர்ந்த இளைஞர் தம் அன்னையாரின் மருந்துச் சீட்டுடன் கடைக்கு வந்தார். அம்மையாருக்குப் பெருங்குடலில் புற்றுநோய். அறுவை சிகிச்சையும், அதன்பின் கீமோ சிகிச்சையும் முடிந்திருந்தன. சீட்டில் துலாக்ஸெடின் என்னும் மருந்து புதிதாக எழுதப்பட்டிருந்தது. "இது எதற்கு, மாமா?" என்று கேட்டார். கடையில் கூட்டம். நான் நிமிர்ந்தும் பாராமல், "மனச்சோர்வுக்கு, தம்பி" என்று கூறிவிட்டேன்.

நான் சொன்னது பொய்யன்று. ஆனால் அந்தச் சொல் அவ்வீட்டில் என்ன செய்தது என்பதைப் பின்னரே அறிந்தேன். "எனக்கென்ன பைத்தியமா?" என்று அம்மையார் கேட்டாராம். மருத்துவர் கைவிட்டுவிட்டார், அதனால்தான் மனத்தைத் தேற்ற மாத்திரை தருகிறார் என்று வீட்டார் கலங்கினராம். மாத்திரை அட்டை அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விட்டது.

ஒரு மாதம் கழித்துக் கோயிலில் அவரைக் கண்டேன். சித்திரை வெயிலில் காலுறை அணிந்து ஒரு தூணைப் பிடித்தவாறு நின்றிருந்தார். "பாதம் இரண்டும் தணலில் வைத்தாற்போல் எரிகின்றன, தம்பி. டம்ளரை எடுத்தால் விரலில் நிற்பதில்லை. கோலமாவை எடுத்தால் அதுவும் தெரிவதில்லை" என்றார். அக்கணமே எனக்கு விளங்கிற்று. அவருக்கு ஏற்றிய கீமோ மருந்துகளுள் ஒன்று கை கால் நரம்புகளை வாட்டக் கூடியது. அந்த எரிச்சலுக்காகத்தான் மருத்துவர் அம்மாத்திரையை எழுதியிருந்தார், மனத்துக்காக அன்று.

மனச்சோர்வு மருந்து நரம்பு எரிச்சலை எவ்வாறு தணிக்கும் என்று நீங்கள் வினவலாம். இம்மருந்துகளின் வரலாறே விந்தையானது. 1952இல் காசநோய்க்கென்று நியூயார்க் மருத்துவமனையொன்றில் ஐப்ரோனியாஸிட் கொடுத்துப் பார்த்தபோது, நோயாளிகள் சிலர் வழக்கத்துக்கு மாறாக உற்சாகமுற்றனர். காசநோய் மருந்து மனச்சோர்வு மருந்தானது அவ்வாறே. 1957இல் சுவிட்சர்லாந்தின் ரோலண்ட் கூன் இமிப்ரமின் என்னும் மருந்தின் பயனை வெளியிட்டார். 1961இல் அமிட்ரிப்டிலின் விற்பனைக்கு வந்தது. பின்னர் இவற்றுட் சில நரம்பு வலியையும் தணிப்பது தெரியவந்தது. ஆனால் முதலில் கிடைத்த பட்டமே நிலைத்துவிட்டது. துறைமுகத்தில் கூலியாகச் சேர்ந்தவர் மேஸ்திரியான பின்னும் அவரைப் பழைய பெயராலேயே அழைப்பதில்லையா?

வேலை செய்யும் விதத்தையும் நம்மூர்க் காட்சியைக் கொண்டே சொல்லலாம். ஹூக்ளியில் வெள்ளம் ஏறினாலும் இறங்கினாலும், கிடர்பூர்த் துறையின் நீர்க்கதவுகள் உள்நீரைக் காத்து நிற்கின்றன. அதுபோல், உடலிலிருந்து மூளைக்கு ஏறும் வலிச் செய்தியைத் தண்டுவடத்திலேயே மட்டுப்படுத்த, மூளையிலிருந்து கீழிறங்கும் நரம்புப் பாதைகள் உள. செரடோனின், நார் அட்ரீனலின் என்னும் பொருள்கள் அக்கதவுகளின் காவலாளிகள். துலாக்ஸெடின் அவர்களைப் பணியில் சற்று நீண்ட நேரம் நிறுத்திவைக்கின்றது.

இது வெறுங்கற்பனையன்று. 2013இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. கீமோவினால் நரம்பு வலியுற்ற 231 பேரைக் கொண்டு நடந்தது அது. துலாக்ஸெடின் உண்டோரில் 100க்கு 59 பேர் வலி சிறிதேனும் குறைந்தது என்றனர். மருந்தற்ற மாத்திரை உண்டோரில் அவ்வாறு சொன்னவர் 38 பேர். மாபெரும் வித்தியாசம் என்று சொல்லமாட்டேன். எரியும் பாதத்தோடு இரவைக் கழிப்பவருக்கு அதுவும் பெரிதே.

வெண்லாஃபாக்ஸின் மற்றோர் உதாரணம். மார்பகப் புற்றுக்குச் சிகிச்சை பெற்ற பெண்மணிகளுக்குத் திடீரென்று உடலெங்கும் அனல் பரவி வியர்க்கும். அந்த அனலை இது குறைக்கும் என்று 2000இல் வெளிவந்த சோதனை காட்டிற்று. மிர்டாஸபின் உறக்கம் தரும். பசியைத் தூண்டுமா என்பதில் சோதனைகள் ஒருமித்துப் பேசவில்லை.

மனச்சோர்வே வராது என்று நான் சொல்லவில்லை. புற்றுநோயாளருள் ஏறக்குறைய ஆறில் ஒருவருக்குக் கடுமையான மனச்சோர்வு உண்டென்று ஆய்வுகளைத் தொகுத்தோர் கணித்துள்ளனர். அதுவும் நோயே, வெட்கப்பட ஒன்றுமில்லை. நம் வங்காள அண்டை வீட்டார் 'மொன் காராப்' என்று எவ்வளவு இயல்பாகச் சொல்லிவிடுகின்றனர்! நாமோ பெண்ணுக்கு வரன் பார்க்கும் வீடு என்று மூடிமறைக்கின்றோம். ஆயினும் அத்தகைய சோர்வில் மாத்திரை மட்டும் போதாது. உட்கார்ந்து பேசும் மனநல ஆலோசனையும் வேண்டும்.

ஓர் எச்சரிக்கையைச் சற்று விரித்தே சொல்ல வேண்டும். நம்மவர் சிகிச்சைக்கு ஓரிடத்தில் நிற்பதில்லை. 1950 ஜனவரி 2ஆம் நாள் ஐரீன் ஜோலியோ கியூரி அம்மையார் திறந்துவைத்த சித்தரஞ்சன் மருத்துவமனைக்கு ஹாஜ்ரா போவார் சிலர். டயமண்ட் ஹார்பர் சாலை வழியே தாகுர்புகூர் செல்வார் சிலர். கோரமண்டல் எக்ஸ்பிரஸ் ஏறி, முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1954இல் தொடங்கிய அடையாறு நிலையத்துக்குப் போவாரும் உண்டு. ஒவ்வோரிடத்துச் சீட்டும் தனித்தனிப் பையில் கிடக்கும். அதில்தான் அபாயம். மார்பகப் புற்றுக்குத் தமாக்ஸிஃபென் உண்பவர் பராக்ஸெடினோ ஃபுளூவாக்ஸெடினோ சேர்த்துண்டால், தமாக்ஸிஃபென் உடலில் செயலுருப் பெறுவது தடைப்படும். வலிக்குத் தரும் டிராமடாலோடு இவ்வகை மருந்துகள் சேர்ந்தால் நடுக்கம், காய்ச்சல், குழப்பம் நேரலாம். அமிட்ரிப்டிலின் முதியோருக்கு மலச்சிக்கலும் சிறுநீர்த் தடையும் தரக்கூடும். ஆகவே எல்லாச் சீட்டுகளையும் ஒருங்கே மருத்துவரிடம் காட்டுங்கள். இம்மருந்துகள் இரண்டொரு நாளில் பலன் தருவனவும் அல்ல. சில வாரங்கள் ஆகும். மருத்துவரைக் கேளாமல் திடீரென்று நிறுத்தினால் தலைச்சுற்றலும் பதற்றமும் வரும்.

அந்த அம்மையார் வீட்டுக்கு மறுநாளே சென்று, என் பிழையை ஒப்புக்கொண்டேன். அவர்களும் மருத்துவரிடம் மீண்டும் கேட்டுத் தெளிந்து மருந்தைத் தொடங்கினர். எரிச்சல் முற்றும் அகலவில்லை. ஆனால் இரண்டு மாதங்களில் இரவில் உறங்கினார், காலுறையைக் கழற்றினார். கோலம் சற்றுக் கோணலாகவே விழுகிறதாம். எனக்கு அதில் கோணல் தெரியவில்லை. அவர் இன்று முன்வரிசையில் அமர்ந்திருக்கின்றார். இதைச் சொல்ல இசைவு தந்தவரும் அவரே.

நாடகம் முடியும்வரை நான் பின்வரிசையில் இருப்பேன். சீட்டைக் காட்டிக் கேட்க விரும்புவோர் தயங்காமல் வரலாம். இம்முறை நிமிர்ந்து பார்த்தே விடை சொல்வேன்.