கறுப்புப் பொம்மையின் அச்சு



நினைவுரைக்குப் பொம்மையா தலைப்பு என்று வாசலில் ஒரு தம்பி கேட்டார். பொம்மைதான்.

இதே ஆழ்வார்திருநகரியில் எங்கள் தெருவுக்குக் கடைப் பொம்மை வந்ததில்லை. சூப்பிப் போட்ட பனங்கொட்டையைக் காயவைத்து, நாரைச் சீவி முடியாக்கி, சுண்ணாம்பால் கண் வைத்துத் தருவாள் என் பாட்டி. ஒரு நவராத்திரியில், கோயில் பக்கத்து வீடொன்றின் வாசலில் சுண்டலுக்கு நின்றபோது கொலுப்படியில் மரப்பாச்சியைப் பார்த்தேன். செஞ்சந்தனக் கட்டை, நாள்பட்டுக் கறுத்திருந்தது. என் நிறம். அதற்குப் பட்டுத்துணி. எனக்கு, எட்ட நின்று இலையில் போட்ட சுண்டல். ஆனால் நான் ஆசைப்பட்டது அதற்கல்ல, அருகிலிருந்த ரோஸ் நிறப் பொம்மைக்கு. வீட்டுக்கு வந்ததும் பாட்டியின் பனங்கொட்டையை வாய்க்காலில் எறிந்தேன்.

பிள்ளை மனதின் இந்தக் காயத்தை அமெரிக்காவில் ஆராய்ந்தவர்கள் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் தம்பதி. அண்ணல் அம்பேத்கர் படித்த கொலம்பியா பல்கலைக்கழகத்திலேயே பின்னாளில் முனைவர் பட்டம் பெற்ற கறுப்பினத்தவர்கள். 3 முதல் 7 வயது வரையுள்ள 253 கறுப்பினப் பிள்ளைகள் முன் வெள்ளைப் பொம்மைகளையும் பழுப்புப் பொம்மைகளையும் வைத்தார்கள். மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகள் விளையாட வெள்ளையைத்தான் கேட்டார்கள். 'உன்னைப் போல இருப்பது எது?' என்றதும் அழுதுகொண்டு அறையைவிட்டு ஓடிய பிள்ளைகளும் உண்டு. பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது என்ற 1954ஆம் ஆண்டுத் தீர்ப்பின் அடிக்குறிப்பில் கிளார்க்கின் அறிக்கை இடம்பெற்றது.

தீர்ப்பு பள்ளிக் கதவைத் திறக்கும், பொம்மை செய்து தராது. அடிமையாகப் பிறந்த ரிச்சர்ட் ஹென்றி பாய்ட், 1911லேயே நாஷ்வில் நகரில் கறுப்புப் பொம்மைகளுக்கென்று கம்பெனி தொடங்கினார். கடைகளில் கிடைத்தவை கேலிப் பொம்மைகள் என்பதுதான் காரணம். பெரிய கம்பெனிகள் மெதுவாகவே வந்தன. 1967இல் மேட்டல் கம்பெனி, ஃபிரான்சி என்ற தன் வெள்ளைப் பொம்மையின் அதே அச்சில் நிறத்தை மட்டும் மாற்றி 'கலர்டு ஃபிரான்சி' என்று விற்றது. நம்மைப் பற்றிப் பிறர் எழுதிய கதைகளை நினைத்துப் பாருங்கள். அச்சு அவர்களுடையது, நிறம் மட்டும் நம்முடையது.

1965இல் லாஸ் ஏஞ்சலஸின் வாட்ஸ் பகுதி கொந்தளித்தது. அதன் பிறகு அங்கே லூ ஸ்மித்தும் ராபர்ட் ஹாலும் 1968இல் ஷிண்டானா பொம்மைத் தொழிலகத்தைத் தொடங்கினார்கள். ஸ்வாஹிலியில் ஷிண்டானா என்றால் போட்டியிடு. முதல் பொம்மை பேபி நான்சி. முகத்தையே புதிதாக வார்த்தார்கள். தொடக்க உதவி தந்ததும் மேட்டல்தான். வாங்கலாமா கூடாதா என்று நம் அமைப்புகளில் நடக்கும் சண்டை எனக்கும் தெரியும். நான் வாங்கலாம் என்கிற கட்சி, அச்சு நம் கையில் இருக்கும்வரை. 1983இல் ஷிண்டானா மூடப்பட்டது. 2020இல் பேபி நான்சி அமெரிக்காவின் தேசியப் பொம்மைப் புகழரங்கில் சேர்க்கப்பட்டாள்.

போன வைகாசி, ஒன்பது கருட சேவை நாளில் இந்த ஊர்க் கடையில் கறுப்புப் பொம்மை கேட்டேன். "கறுப்பா? அத யாருண்ணே வாங்குவா?" என்றார் கடைக்காரத் தங்கை. அவரும் நம் நிறம்தான்.

ஆவணியில் பனம்பழம் விழும். மாலை வகுப்பு நடத்தும் தம்பிகள் கொட்டைகளை எறியாமல் சேர்த்து வையுங்கள். நார் சீவ எனக்குத் தெரியும், வருகிறேன்.