அளவு எங்கே தொடங்குகிறது?



ஆய்வக மேசைமேல் இருக்கும் ஒரு கருவியைப் பற்றி இன்று பேச முற்படுகிறோம். வெக்டர் நெட்வொர்க் அனலைசர் என்பது அதன் பெயர். இவ்வுரையில் பகுப்பாய்வி என்று சுருக்கமாகக் கூறுவோம். கைத்தொலைபேசியிலுள்ள அலைவாங்கி, வடிகட்டி, பெருக்கி போன்ற உறுப்புகள் தம்மிடம் வரும் அலையில் எவ்வளவைத் திருப்பி அனுப்புகின்றன, எவ்வளவைக் கடத்துகின்றன என்று அளப்பது அதன் பணி. அலையின் வலிமையோடு, அது எத்தனை பாகை பின்தங்கி வருகிறது என்னும் கட்டத்தையும் அது காட்டும். 1972இல் பாயான் லெப்பாஸ் தடையற்ற வணிக மண்டலம் தொடங்கப்பட்ட நாள்முதல் மின்னணுத் தொழில் நம் மக்கள் பலருக்கு வாழ்வளித்து வருகிறது. ஆகவே இக்கருவி நமக்கு அயலானதன்று.

ஒரு வடிகட்டியை அளக்க விரும்புகிறோம் என்று கொள்வோம். கருவிக்கும் வடிகட்டிக்கும் இடையே கேபிள் உண்டு. கேபிளின் நுனியில் இணைப்பி உண்டு. அலை இவற்றையெல்லாம் கடந்தே வடிகட்டியை அடைகிறது. எனவே திரையில் தோன்றும் எண் வடிகட்டிக்கு உரியதா, கேபிளுக்கு உரியதா என்று முதலில் தெளிதல் வேண்டும். 10 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் காற்றில் அலைநீளம் ஏறத்தாழ 30 மில்லிமீட்டர். அளவு தொடங்கும் தளம் 1 மில்லிமீட்டர் விலகினால், அலை போய்த் திரும்பும் வழி 2 மில்லிமீட்டர் மாறும். கட்டம் 24 பாகை பிழைபடும். 100 மெகாஹெர்ட்சில் அதே விலகல் கால் பாகைப் பிழையைக்கூடத் தராது. தாழ்ந்த அதிர்வெண்ணில் பொறுத்துக்கொள்ளப்படும் கவனக்குறைவு உயர்ந்த அதிர்வெண்ணில் பொறுக்கப்படாது.

இதற்கான தீர்வே அளவுத்திருத்தம். குறுக்கிணைப்பு, திறந்த முனை, 50 ஓம் சுமை ஆகிய மூன்றையும் ஒவ்வொரு கேபிள் நுனியிலும் மாட்டி அளக்கிறோம். பின்னர் இரு நுனிகளையும் ஒன்றோடொன்று இணைத்து அளக்கிறோம். இவற்றின் இயல்பைக் கருவி முன்னரே அறியும். ஆதலின் கேபிளால் நேர்ந்த மாற்றத்தைக் கணக்கிட்டு நீக்குகிறது. அதன்பின் அளவு கேபிள் நுனியிலிருந்தே தொடங்கும். திருத்தத்திற்குப் பிறகு நடுவில் வேறொரு இணைப்பியைச் செருகினாலோ, கேபிளை வேறு வகையாக வளைத்தாலோ அத்திருத்தம் பிழைபடும்.

இனி இணைக்கும் முறைக்கு வருவோம். முதலில் இணைப்பியைக் கண்ணால் ஆராய்தல் வேண்டும். தூசியோ உலோகத் துகளோ இருப்பின் ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் நனைத்த, நூலிழை உதிராத துடைப்பானால் நீக்குதல் வேண்டும். பின்னர் இரு பகுதிகளையும் நேர்க்கோட்டில் பொருத்தி, உடலை அசையாது பிடித்து, நட்டை மட்டும் திருகுதல் வேண்டும். உடல் சுழன்றால் நடு ஊசி எதிர்ப்பகுதியின் பற்றுவிரல்களில் உராய்ந்து, பூச்சு தேய்ந்து, துகள் உதிரும். கடைசி இறுக்கத்திற்குக் குறித்த முறுக்குவிசையில் நின்றுவிடும் ஸ்பேனர் வேண்டும். 3.5 மில்லிமீட்டர் இணைப்பிக்கு 0.9 நியூட்டன் மீட்டர் வழக்கமான அளவு. எஸ்எம்ஏ வகைக்குப் பலரும் கொள்வது 0.56 நியூட்டன் மீட்டர்.

பொருந்துவதெல்லாம் ஒத்தவை அல்ல. என்-வகை இணைப்பியில் 50 ஓம், 75 ஓம் என இரண்டு உண்டு. 50 ஓம் ஆண் இணைப்பியின் ஊசி பருத்தது. அதனை 75 ஓம் பெண் இணைப்பியில் நுழைத்தால் பற்றுவிரல்கள் விரிந்து கெடும். கெட்ட இணைப்பி தன்னோடு சேரும் நல்ல இணைப்பியையும் கெடுக்கும். பெருக்கியை அளக்கும்போது மற்றொரு கவனமும் தேவை. 30 டெசிபெல் பெருக்கம் என்பது திறனில் ஆயிரம் மடங்கு. உள்ளே சென்ற 1 மில்லிவாட் 1 வாட்டாக வெளிவரக்கூடும். அதற்கேற்ற தணிப்பி நடுவே இல்லையெனில் கருவியின் போர்ட் பழுதாகலாம்.

இணைப்பு நன்றா என்று அறிய எளிய சோதனை உண்டு. உறுப்பைக் கழற்றி மீண்டும் மாட்டி, இரண்டு மூன்று முறை அளந்து பார்த்தல் வேண்டும். விடைகள் வேறுபட்டால் அவ்வேறுபாடு பெரும்பாலும் இணைப்பினுடையது. இதை அறியாதவர் நல்ல வடிகட்டியைக் குப்பையில் எறிவார். குறையுள்ளதைத் தேறியது என்று அனுப்புவார்.

மொழி மன்றத்தில் இதனைக் கூறுவதற்குக் காரணம் உண்டு. ‘இணைப்பியைத் திருகுக’ என்று எழுதினால், படிப்பவர் உடலையே திருகுவார். ‘உடலைப் பிடித்து நட்டைத் திருகுக’ என்று எழுதினால் கருவி பிழைக்கும். பொருத்துதல், திருகுதல், இறுக்குதல் ஆகிய மூன்றும் தமிழில் வெவ்வேறு வினைகள். ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் வைப்பதற்குப் புதுச்சொல் ஏதும் வேண்டியதில்லை. கலைச்சொல் பட்டியல்களை நாம் உருவாக்கி வருகிறோம், அது நற்பணியே. ஆயினும் பட்டியலில் உள்ள பெயர்ச்சொல் மட்டும் ஒரு தொழிலாளியின் கையை வழிநடத்தாது. எதனைப் பிடிப்பது, எதனைத் திருகுவது, எங்கே நிறுத்துவது என்று கூறும் வாக்கியங்களே வழிநடத்தும். அத்தகைய செய்முறைக் கையேடுகளையும் இம்மன்றம் தன் பணிகளுள் ஒன்றாகக் கொள்ளுதல் வேண்டும் என்று கேட்டு அமைகிறோம்.